சாக்ரடீசுக்குத் தண்ணீர் விடும் அக்கா

"ஹலோ, தண்ணி ஆபீஸா? கிளியோபாட்ரா ரெண்டு நாளாக் குளிக்கலைங்க!"

"கழுதைப்பால்ல குளிச்ச மகராசிதானே, இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க."

இப்படித்தான் எனக்குப் பொழுது விடிகிறது. குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுக்கிறவள் நான். இனிமையாகப் பேசவும் என்று என் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டினவர்கள் ஒரு நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், இனிமையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஒருத்தர் சாக்ரடீசில் அடைப்பு என்பார். இன்னொருத்தர் நியூட்டன் உடைந்து ரோடெல்லாம் ஓடுகிறார் என்பார். கன்பூசியஸ் கலங்கலாக வருகிறார், ஆர்க்கிமிடீஸ் சொட்டுச் சொட்டாக வருகிறார். வெளியூர்க்காரர் யாராவது பக்கத்திலிருந்து கேட்டால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைப்பார்.

விஷயம் ஒன்றுமில்லை. எங்கள் குடியிருப்பைக் கட்டிய பெரிய இன்ஜினியருக்கு உலக சரித்திரம் என்றால் உயிர். முதல் தெரு, இரண்டாம் தெரு என்று பேர் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டேன் என்றுவிட்டார். உலகத்தை மாற்றியவர்கள் பேரைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று, வரைபடத்தில் தெருவுக்கு ஒரு பெரிய மனிதரைப் போட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நாங்கள்! குட்டன்பர்க்கில் வாடகை அதிகம், கிளியோபாட்ராவில் எலி அதிகம், கன்பூசியஸ் முனையில் டீ நன்றாயிருக்கும் என்று எங்களுக்கு அது பழகிவிட்டது. நானே நைட்டிங்கேலிலிருந்து மாப்பிள்ளை எடுத்தவள்தான்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என் அக்காவைப் பற்றி.

இத்தனை பெரிய மனிதர்களுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவள் அவள்தான். ஒவ்வொரு தெருவின் தலைமாட்டிலும் ஒரு குழி, அதற்கு ஓர் இரும்பு மூடி, உள்ளே வால்வு. தோளில் சாய்த்த நீளமான இரும்புச் சாவியோடு அக்கா வருவாள். மூடியை நெம்பித் தள்ளிவிட்டுச் சாவியைக் குழிக்குள் இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவாள். குழாய்க்குள் காற்று முதலில் உறுமும். பிறகு தண்ணீர் போகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு பக்கெட்டுகள் தடதடக்கும். எல்லோருக்கும் அவள் சாவி அக்காதான். அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட "சாவி அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க" என்று பல்லைக் காட்டுவார்கள்.

அக்கா நல்ல உயரம். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நாற்பதைத் தாண்டிவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. யாராவது அதைப் பற்றி வாயைத் திறந்தால், "எனக்கு இருக்கற வேலையில மாப்பிள்ளைக்கு எங்க நேரம்? சாக்ரடீஸ், நியூட்டன், கன்பூசியஸ்னு வீட்டுக்கு வெளிய நிக்கறவங்களையே என்னால கட்டி மேய்க்க முடியல" என்று வாயை அடைத்துவிடுவாள். அவளும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாய் இருந்து அவர் என்ன செய்யப்போகிறார் பாவம்.

அக்கா அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் தான் தண்ணீர் விடுகிற ஆள் யார் என்று தெரியாமல் எப்படி விடுவது என்று அவளுக்கு ஒரு எண்ணம். குழிப்பக்கம் வருகிறவர்களிடம் விசாரித்து விசாரித்தே ஒவ்வொருவர் கதையையும் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதோடு விட்டாளா என்றால் அதுதான் இல்லை. நியாயம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த சாக்ரடீஸ் என்னடி தப்புப் பண்ணினாரு? கேள்வி கேட்டாரு. கேள்வி கேட்டதுக்கு விஷத்தைக் குடுத்துக் குடிக்கச் சொன்னாங்களாம். நாமளாவது அவருக்கு நல்ல தண்ணியாக் குடுப்போம்."

சாக்ரடீஸ் மேடான தெரு, தண்ணீர் லேசில் ஏறாது. மற்ற தெருவென்றால் திறந்துவிட்டுப் போய்விடுவாள். அங்கே மட்டும் கடைசி வீட்டு மாடிக்கு ஏறுகிற வரைக்கும் குழியை விட்டு நகர மாட்டாள். கலிலியோ கதை இன்னும் மோசம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக அந்த மனிதரை வயதான காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, கலிலியோவுக்கு வால்வை ஒரு சுற்று அதிகமாகத் திறக்கிறாள். நியூட்டன்காரர்கள் சும்மா இருப்பார்களா? திரண்டு வந்து சண்டை போட்டார்கள்.

"உங்காளு தலையில ஒரு ஆப்பிள் விழுந்துச்சு, அதுவும் விழுந்துச்சோ இல்லையோன்னு சொல்றாங்க. அப்புறம் ராஜ மரியாதையோட இருந்தாரு. அவருக்கு என்ன குறை? வெளிய வர முடியாம இருந்தவரு இவருதானே!" என்றாள் அக்கா. நியாயம்தானே என்று இரண்டு பேர் தலையாட்டிக்கொண்டே திரும்பிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். இப்படிப்பட்ட ஊர் எங்களுடையது.

போன வருஷம் குடியிருப்போர் சங்கத்துக்குத் திடீரென்று சொரணை வந்தது. தெருப் பலகைகள் எல்லாம் வெளுத்து, எழுத்து உதிர்ந்து கிடந்தன. புதிதாக எழுதுவது, ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் அந்த ஆளுக்குப் பொருத்தமாக ஒரு படம் போடுவது என்று முடிவு செய்து, ஊர் ஊராகப் போய்ப் பலகை எழுதுகிற ஒருவரை வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. நிதானமென்றால் அப்படி ஒரு நிதானம், ஓர் எழுத்துக்குச் சுழி போடுவதற்குள் நான் ஒரு டீ குடித்துவிடுவேன். பெண்டாட்டி பிள்ளை இல்லை, ஒரு ஏணியும் பெயிண்ட் டப்பாக்களும்தான் சொத்து. சங்கத்துக் கூடத்துக்குப் பின்னாலிருந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

முதலில் அவர் கை வைத்தது ஆர்க்கிமிடீசில். குளியல் தொட்டி ஒன்று வரைந்து, அதிலிருந்து தண்ணீர் வழிகிற மாதிரி நீலத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த நேரம் பார்த்தா வால்வைத் திறக்க வேண்டும்? குழாயில் ரொம்ப நாளாக அடைத்திருந்த காற்று பிடுங்கிக்கொண்டு வந்தது. குழிக்குள்ளிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சி அடித்து, ஏணியில் நின்றவரைத் தலையோடு கால் நனைத்துவிட்டது. காயாத பெயிண்ட் எல்லாம் கரைந்து வழிந்தது.

"யோவ், குழி பக்கத்துல ஏணியைப் போடலாமா? கண்ணு தெரியலையா?" என்று அக்கா முந்திக்கொண்டாள். தப்பு நம் பக்கம் இருந்தால் முதலில் நாம்தான் கத்த வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பலகையைப் பார்த்தார், தன்னைப் பார்த்துக்கொண்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்லைங்க. தொட்டியில இருந்து எழுந்து அப்படியே தெருவுல ஓடினாருன்னு சொல்லுவாங்க. நான் சட்டையாவது போட்டிருக்கேன்" என்றார்.

அக்காவும் சிரித்துவிட்டாள். கன்பூசியஸ் முனை டீக்கடைக்காரர், "என்னம்மா, உங்கக்கா சத்தம் இங்க வரைக்கும் கேக்குது?" என்று என்னிடம் விசாரித்தார்.

அன்றிலிருந்து அவர் எந்தத் தெருவில் ஏணி போட்டாலும் அக்காவின் சாவி அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். வேலைக்கு வேலை முடித்துவிட்டுத்தான் போவாள், அதில் குறை சொல்ல முடியாது. போய் நின்றுகொண்டு அவருக்குக் கதை சொல்லுவாள். இப்னு பதூதா வீட்டை விட்டுக் கிளம்பி முப்பது வருஷம் நாடு நாடாகச் சுற்றினாராம் என்று இவள் சொன்னால், "நானும் அப்படித்தான் சுத்தறேன், எனக்கு யாரு தெரு வைக்கறாங்க" என்பார் அவர். நைட்டிங்கேல் அம்மாவுக்கு விளக்கு மட்டும் போட்டால் போதாது, காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சுத்தமான காற்றும் நல்ல தண்ணியும் வேண்டும் என்று சண்டை போட்டவர், அதனால் பக்கத்தில் ஒரு குடமாவது வைக்க வேண்டும் என்று இவள் பிடிவாதம் பிடித்தால், மறுபேச்சுப் பேசாமல் ஒரு குடத்தை வரைந்தார். பலகை எழுத வந்தவரைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று நான் கேலி செய்தேன்.

"சும்மா இருடி. தப்பா எழுதிட்டா ஊருக்குத்தானே அசிங்கம்" என்றாள். ஊர் மேல் என்ன அக்கறை பாருங்கள்!

மேரி கியூரி பலகையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவில் ரசாயனம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஒழுகுகிற கொட்டகை ஒன்றில், கொதிக்கிற தாதுவைத் தன் உயரத்துக்கு இருக்கிற இரும்புக் கம்பியால் நாளெல்லாம் நின்று கிண்டினார் அந்த அம்மா என்று அவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா போய் போர்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் முதலில் வரைந்திருந்த கண்ணாடிக் குடுவையை அழித்துவிட்டு, இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணை வரைந்திருந்தார். முகம் அந்த அம்மா முகம்தான், கொண்டையும் அதேதான். ஆனால் இடது காலை முன்னால் வைத்து, தோளை ஒரு பக்கம் இறக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாளே, அந்த நிற்பு எங்கள் அக்காவுடையது. நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் அவளை எத்தனை நேரம் கவனித்திருந்தால் இதை இப்படி வரைந்திருக்க முடியும்! எனக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பிடித்து உட்காரவைத்து நேராகவே கேட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன், மழுப்பவில்லை.

"ஆமாடி. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. இத்தனை வருஷமாத் தனியா இருக்கறது எனக்கு ஒரு குறையாவே தெரியல. இப்போ ரெண்டு வாரமாத் தெரியுது. என்ன பண்ணச் சொல்றே?" என்றாள். "நாளைக்கு ரெண்டே பலகைதான் பாக்கியாம். அப்புறம் ஊருக்குக் கிளம்பிடுவாரு. போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும்னு சொன்னாரு. நாளைக்குச் சாயங்காலம் கலிலியோவுல, முனை பெஞ்சுக்கு வாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

எங்கள் ஊரில் எல்லாத் தெரு முனையிலும் பலகைக்குக் கீழே ஒரு சிமென்ட் பெஞ்ச் உண்டு. கலிலியோ பெஞ்சில்தான் கூட்டம் இருக்காது. அக்கா யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பம்ப் ஹவுசில் மோட்டார் மக்கர் செய்தது. அக்கா பகல் முழுக்க அங்கே மெக்கானிக்கோடு மல்லுக்கட்டினாள், போர்டுக்காரர் வேலை செய்கிற பக்கமே போக முடியவில்லை. சாயங்காலம் ஓடி வந்து குளித்தாள். தலையை இரண்டு தடவை வாரினாள். "நல்லாயிருக்கா?" என்று என் வீட்டுக்காரரைக்கூடக் கேட்டாள். அவர் பயந்துபோய், "ரொம்ப" என்றார். போனை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டுப் போனாள். ஊரே கூப்பிடுகிற போன் அது, கையில் இருந்தால் யாரோடும் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியாது.

தெரு விளக்கெல்லாம் எரிந்து வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அவள் செருப்பைக் கழற்றின விதத்திலேயே எனக்குப் பகீர் என்றது.

"வரல" என்றாள்.

"என்னது?"

"வரலடி. உக்காந்தேன், உக்காந்தேன், வரல. வேற ஏதாவது பேசணும்னு நினைச்சிருப்பாரு, நான்தான் கற்பனை பண்ணிக்கிட்டேன் போல. விடு." ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தாள், சாப்பிடாமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கிறவள், அழுகிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கக்கூடாது என்று தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போர்டுக்காரர் அப்போது கையில் கிடைத்திருந்தால் அவருக்கே ஒரு பலகை நட வேண்டியிருக்கும்.

காலையில் அக்கா சாவியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் ஆபீசுக்குப் போகவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகச் சங்கத்துக் கூடத்துக்குப் போனேன். அவர் அறை வாசலில் குனிந்து டப்பாக்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புகிறாராம்.

"நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!" என்று ஆரம்பித்தேன். "பேசணும்னு நீங்கதானே சொன்னீங்க? பொம்பளைய ஒரு பெஞ்சுல உக்கார வெச்சு வேடிக்கை காட்டறதுக்கு எங்க அக்காதான் கிடைச்சாளா?"

அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. "நானா? அவங்கதாங்க வரல" என்றார். "நான் சாயங்காலத்துல இருந்து அங்கேயே இருந்தேன். விளக்கு எரிஞ்சு, தெருவுல எல்லாரும் கதவைச் சாத்தற வரைக்கும் இருந்தேன். என்கிட்ட வேண்டாம்னு சொல்ல அவங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும், அதான் வரலைன்னு நினைச்சுக்கிட்டேன். அவங்க நம்பர் கேக்கறதுக்குக்கூட எனக்குத் தைரியம் வரல. தப்பா நினைக்காதீங்க, நான் கிளம்பறேன்."

"பொய் சொல்லாதீங்க! பெஞ்சுல அவ உக்காந்திருந்தா!"

"பொய் இல்லைங்க. இங்க பாருங்க." திரும்பி முதுகைக் காட்டினார். நேற்றுப் போட்ட சட்டையை மாற்றவே இல்லை. முதுகு முழுக்க நீலப் பெயிண்ட். "நேத்துத்தான் எழுதின பலகை, கம்பத்துக்கும் நீலம் அடிச்சிருந்தேன். அது காயலைங்கறதே மறந்துபோய்க் கம்பத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். கலிலியோ பெஞ்சுலதான். மேல டெலஸ்கோப்பு எல்லாம் வரைஞ்சு வெச்சிருந்தேன், அவங்களுக்குக் காட்டலாம்னு."

"எந்தக் கலிலியோ?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்தக் கலிலியோன்னா? ஊருக்கு எத்தனை கலிலியோங்க? பச்சை கேட் போட்ட வீட்டுக்கு முன்னாடி, கலிலியோன்னு பலகை இருக்கற தெரு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு அவர் ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பச்சை கேட் போட்ட வீடு நியூட்டனில் இருக்கிறது!

எங்கள் ஊர்க் கூத்தை வெளியூர்க்காரருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பலகைகளை முதன்முதலில் லாரியில் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு, குழி தோண்டின ஆட்கள் கலிலியோ பலகையை நியூட்டன் தெருவிலும், நியூட்டன் பலகையைக் கலிலியோ தெருவிலும் நட்டுவிட்டார்கள். மாற்றி நட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஒருவரும் மண்வெட்டியை எடுக்கவில்லை. வீட்டுப் பத்திரமும் தபாலும் கரண்ட் பில்லும் இன்ஜினியருடைய வரைபடத்தின்படியே வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் அவசரமும் இல்லை. போகப்போக எங்களுக்கு அந்த இரண்டு பலகைகளும் கண்ணில் பட்டாலும் மண்டையில் ஏறாமல் போய்விட்டன. நாங்கள் கலிலியோ என்று வாயால் சொல்லுகிற தெருவில் நியூட்டன் என்று எழுதியிருக்கும். அக்கா வாயில் வந்த கலிலியோவில் போய் உட்கார்ந்தாள். இவர் பலகையில் இருந்த கலிலியோவில் போய் உட்கார்ந்தார். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிய தெருக்கள். நடுவில் ஒரே ஒரு வரிசை வீடு. அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருவர், ராத்திரி வரைக்கும்!

ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று, நிதானமான மனிதர்தானே. புரிந்ததும் முகத்தில் ரத்தம் ஏறியது.

"அப்போ அவங்க வந்தாங்களா?"

"வந்தா. தலையை ரெண்டு தடவை வாரிக்கிட்டு வந்தா."

"எங்க இருக்காங்க இப்போ?" என்று கேட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார். எங்கே என்று தெரியாமலே நடக்கிறார்! கையில் கட்டிக்கொண்டிருந்த டப்பாக் கயிற்றைக்கூட விடவில்லை.

"ஏறுங்க வண்டில!" என்றேன்.

ஸ்கூட்டர் பின்னால் அவர், அவர் மடியில் பெயிண்ட் டப்பாக்கள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் எல்லாம் சேர்ந்து அப்படி ஒரு சத்தம் போட்டன. கன்பூசியஸ் முனையில் டீக்கடைக்காரர் கையில் கிளாசோடு அப்படியே நின்றார். "எங்கம்மா தூக்கிட்டுப் போறே அவரை?" என்று கத்தினார். "நல்ல விஷயத்துக்குத்தான்!" என்று நானும் கத்திக்கொண்டே போனேன்.

அந்த நேரத்துக்கு அக்கா சாக்ரடீசில்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். மேட்டில் ஏறும்போதே வால்வுச் சத்தம் காதைப் பிளந்தது. முந்தின நாள் மோட்டார் ரிப்பேரானதால் அன்று தண்ணீர் பிடித்து வைத்த வேகத்தில் வந்துகொண்டிருந்தது. குழியோரத்தில் கசிந்து ரோடெல்லாம் தண்ணீர். அக்கா சாவியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றாள். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது, கன்னத்தில் சேறு.

இவர் இறங்கி, தண்ணீரில் கால் வைத்து, நேராக அவளுக்கு எதிரே போய் நின்றார். அக்கா அவரைப் பார்த்ததும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். நான் குறுக்கே புகுந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "நியூட்டன்ல உக்காந்திருந்தாருக்கா! பலகையைப் பாத்து!" என்று கத்தினேன். அவரைப் பிடித்துத் திருப்பி முதுகைக் காட்டினேன். அக்கா அந்த நீலத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புரிவது எனக்குத் தெரிந்தது. ஒரு கை தானாக வாய்க்குப் போனது.

அவர் ஏதோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னது?" என்றாள் அக்கா.

மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. அக்கா தலையை ஆட்டினாள், இருங்கள் என்று கையைக் காட்டினாள், சாவியை இரண்டு கையாலும் பிடித்து வேகவேகமாகச் சுற்றி வால்வை மூடினாள். அவரோ சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து கத்தினார். அவர் வாயைத் திறந்த அதே நேரம் தண்ணீர் நின்றது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களான்னு கேட்டேன்!"

அமைதியான தெருவில் அது கடைசி வீட்டு மாடி வரைக்கும் போய் முட்டியது. மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார். வீட்டுக்கு வீடு ஜன்னல் திறந்தது. தண்ணீர் ஏன் நின்றது என்று கேட்க வந்த தலைகள் எல்லாம் விஷயத்தைப் பிடித்துக்கொண்டன. மாடியில் சோப்பு நுரையோடு ஒருவர், "யாரு யாரைக் கேட்டாங்க?" என்றார். எதிர்வீட்டு அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, அவ என்ன சொல்றான்னு கேப்போம்" என்று அவரை அடக்கினார்.

அக்கா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்தாள், திருப்பித் துடைத்தாள். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது, ஊர் முன்னால் இப்படி நிறுத்திவிட்டோமே, வெட்கத்தில் எதையாவது சொல்லி விரட்டிவிடப் போகிறாளே என்று.

"பண்ணிக்கறேன்" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "பண்ணிக்கறேங்க. இதைச் சொல்லத்தான் நேத்து ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

சாக்ரடீஸ் தெரு கைதட்டியது. சோப்பு நுரைக்காரரும் தட்டினார். நான் நடுரோட்டில் நின்று வெட்கமே இல்லாமல் அழுதேன். அவர் கையை நீட்ட, அக்கா பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள், கால் தண்ணீரில் நிற்பதுகூடத் தெரியவில்லை.

"மாமா, ஷூவெல்லாம் நனையுது, மேல ஏறி நில்லுங்க" என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை போலிருக்கிறது. "நனையட்டும்மா" என்றார்.